கிழக்கேல் டாக்டரின் வண்டி

பெண்ணம்மா உட்கார்ந்து பார்த்தவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவு. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில்கூட வாசலை ஒட்டித்தான் நிற்பாள். அச்சன் பிரசங்கம் தொடங்கியதும் ஒரு கால் படிக்கு வெளியே போய்விடும். கல்யாண வீடென்றால் பந்தியில் உட்கார மாட்டாள். பரிமாறுகிறவர்களோடு நடந்துகொண்டே தின்று முடித்துவிடுவாள். அவளை அவள் அம்மா பெற்றதே வழியில், வயல் வரப்பில். இதைக் கேலிக்குச் சொல்லவில்லை. அன்று அந்த வரப்பில் பிள்ளையைக் கையில் வாங்கியவள் அவளுடைய சின்னம்மாயி, மாமன் பெண்டாட்டி. அந்தச் சின்னம்மாயியின் வீட்டிலிருந்துதான் பின்னால் அவிராச்சன் என்பவரின் அண்ணன் பெண் எடுத்தார். அந்தக் கல்யாணப் பந்தலில், கையில் சோற்றுத் தட்டோடு நடந்துகொண்டிருந்த பெண்ணம்மாவை அவிராச்சன் பார்த்தார். பிறகு அவளைக் கட்டினார்.

அவள் வேலை பிள்ளை பெற்றவளைக் குளிப்பாட்டுவது. எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவத்துக்குப் பெண் அம்மா வீட்டுக்கு வருவாள். பிள்ளை பிறந்து வீட்டுக்கு வந்ததும் பெண்ணம்மா வருவாள். தாய்க்குத் தைலம் தேய்த்து ஊறவைத்து, புளியிலையும் பலாவிலையும் ஆமணக்கிலையும் போட்டுக் கொதித்த வேதுத் தண்ணீரைத் தாங்குகிற சூட்டில் இடுப்பில் அடித்து ஊற்றுவாள். வயிற்றை வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டுவாள். அப்புறம் பிள்ளையைத் தன் நீட்டிய கால்கள்மேல் போட்டு, தேங்காய்ப்பால் காய்ச்சி எடுத்த உருக்கெண்ணெய் தடவுவாள். அந்த நேரம் ஒன்றில்தான் அவள் தரையில் உட்காருவது.

இப்போதைய வீடுகளில் தண்ணீர் கொதிக்கவைக்க உருப்படியாய் ஒரு பாத்திரம் கிடையாது. அதனால் தன் செப்பு அண்டாவைக் கூடவே கொண்டு போவாள். ஒரு காலையில் இரண்டு வீடு என்றால், அண்டாவும் இரண்டு வீடு ஏறி இறங்கும். விடியற்காலையில் மலைக்குப் போகிற பஸ்ஸில் எஞ்ஜின் பெட்டிக்குப் பக்கத்தில் அந்த அண்டாவுக்கென்று ஒரு இடம் இருந்தது. இருக்காதா? பஸ்ஸை ஓட்டினது அவிராச்சனாயிற்றே.

பிறகு அவிராச்சனுக்கு நெஞ்சைத் திறந்து மூடினார்கள். ஸ்டீயரிங் தொடக்கூடாது என்றார்கள். முதலாளி வேறு ஆளைப் போட்டுக் கொஞ்ச காலம் ஓட்டிவிட்டு, கட்டுப்படியாகவில்லை என்று அந்த டிரிப்பையே நிறுத்திவிட்டார். விடிகிற நேரத்தில் மலைக்கு ஆட்டோக்காரன் எவனும் வரமாட்டான். ஒரு நாள் பெண்ணம்மா நடந்தும் லாரியிலும் போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிட்டது. அந்த வீட்டு முற்றத்தில் பாலா டவுனிலிருந்து வந்த வேன் ஒன்று நின்றிருந்தது. உள்ளே நீலச் சட்டை போட்ட இரண்டு பெண்கள் பிள்ளையைக் குளிப்பாட்டி முடித்துப் பவுடர் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணும் நினைச்சுக்காதீங்க சேச்சி, பிள்ளை அழுதுச்சு" என்றாள் வீட்டுக்காரி.

பெண்ணம்மா அண்டாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு குன்று இறங்கினாள். இறங்கியவள் வீட்டுக்கு வரவில்லை. நேராய் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனாள்.

நாற்பத்தெட்டு வயதில் கற்றுக்கொண்டாள். கூடப் படித்த பெண்கள் "அம்மாச்சி" என்று கூப்பிட்டார்கள். கம்பி நட்டு வைத்த மைதானத்தில் வண்டியை முன்னும் பின்னும் ஆங்கில எச் எழுத்துப் போல ஓட்டிக் காட்ட வேண்டும். கம்பியைத் தொட்டால் தோல்வி. பெண்ணம்மா தொடவில்லை. லைசென்ஸைக் காட்டியபோது அவிராச்சன் முதலில் சிரித்தார். பிறகு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் சிரிக்கவில்லை.

இதற்கிடையில் தீக்கோயிக்கு மேலே மாவடியிலிருந்து ரோசிலி டீச்சரின் போன் வந்தது.

"பெண்ணம்மாச் சேச்சி, ஈஸ்டர் கழிஞ்சா எங்க மக ஜின்சிக்குப் பிரசவம். உங்க கைதான் படணும்னு பிடிவாதமா நிக்கிறா. ஆனா எங்க குன்றுக்கு நீங்க எப்படி வருவீங்க? முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, நான் வேன்காரங்ககிட்ட சொல்லிடறேன்."

"வேன் எதுக்கு டீச்சரே? நான் என் சொந்த வண்டியில வர்றேன்."

"வண்டி வாங்கிட்டீங்களா!"

"பின்னே?" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வண்டி எங்கே? முற்றத்தில் கோழிக்கூடு மட்டும்தான் நின்றது. மாவடியும் கைவிட்டுப் போனால் மலை மொத்தமும் வேனுக்குப் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். பிறகு என்ன, வீட்டில் உட்கார வேண்டியதுதான். உட்காருவதை நினைத்ததுமே துடைப்பத்தை எடுத்து ஒரு முறை முற்றத்தைப் பெருக்கினாள். காலையில் பெருக்கின முற்றம்தான்.

ஈஸ்டர் நோன்பு தொடங்கின வாரத்திலிருந்து அவளும் அவிராச்சனும் வண்டி பார்க்கப் புறப்பட்டார்கள். பெரிய வெள்ளம் வந்து போன மறு வருஷம் அது. எங்கே பார்த்தாலும் மலிவு விலையில் பழைய வண்டி. எல்லார் வாயிலும் ஒரே கேள்வி: வெள்ளம் ஏறின வண்டியா, ஏறாத வண்டியா? வெள்ளத்தில் முங்கின வண்டியைக் கழுவித் துடைத்து, சீட் மாற்றி, சென்ட் அடித்து நிறுத்துகிறவர்கள் இருந்தார்கள். அவிராச்சன் அதற்கு நல்ல சோதனை வைத்திருந்தார். சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் வெளியே இழுப்பார். எவ்வளவு கழுவினாலும் சுருளுக்குள் இருக்கிற கடைசிச் சாணில் சேற்றுக் கோடு நிற்கும். பிறகு டிக்கிக்கு அடியில் ஸ்டெப்னி கிடக்கிற குழியில் விரலை விட்டு முகர்ந்து பார்ப்பார். பிறகு பானெட்டில் காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, பாவசங்கீர்த்தனம் கேட்கிற அச்சனைப் போல நிற்பார்.

பெண்ணம்மாவின் சோதனை ஒன்றே ஒன்று. அண்டாவைக் கையோடு கொண்டு போவாள். பின் சீட்டில் அண்டா உட்கார்ந்து, கதவு சாத்த வேண்டும்.

"என்ன சேச்சி, வண்டிக்குப் பாயசமா?" என்று கேட்டான் பாலாவில் ஒருத்தன்.

"உனக்குத்தாண்டா. முதல்ல கதவைத் திற."

அண்டா ஏறின வண்டி அவிராச்சனுக்கு ஆகவில்லை. அவிராச்சனுக்கு ஆன வண்டியில் அண்டா ஏறவில்லை. ஒரு வண்டிக்கு இருமல் என்றார். இன்னொன்று இடது பக்கம் இழுக்கிறது என்றார். மூன்றாவதற்கு ஒரு குறையும் கிடைக்காமல், "இந்த நிறம் மூடுபனியில தெரியாது" என்றார்.

"நீங்க வண்டி வாங்க வர்றீங்களா, வேண்டாம்னு சொல்ல வர்றீங்களா?"

"எடீ, நான் இந்த மலையில காலம் பூராவும் பஸ் ஓட்டினவன்."

"அதான் தெரியுமே. பஸ்ஸுதான் நின்னு போச்சு. நீங்க ஓடிக்கிட்டே இருக்கீங்க."

ஒரு நாள் அவர் புது வண்டி பார்க்கலாம் என்று ஷோரூமுக்குக் கூட்டிப் போனார். கண்ணாடிக் கூடத்தில், ஏசிக் குளிரில், உள்ளதிலேயே சிறிய வண்டி பளபளவென்று நின்றது. அவிராச்சன் உள்ளே ஏறி உட்கார்ந்து, அந்தப் புது வாசனையை மூக்கு நிறைய இழுத்துக்கொண்டு இறங்க மனமில்லாமல் இருந்தார். விற்கிற பெண் மாதத் தவணையைப் பற்றிப் பேசிக்கொண்டே போனாள். பெண்ணம்மா அண்டாவைத் தூக்கி உள்ளே வைக்கப் போனதும் அந்தப் பெண் பதறிவிட்டாள்.

"அம்மா, அம்மா, சீட்டுல கோடு விழும்!"

பெண்ணம்மா அண்டாவை இறக்கினாள். "வாங்க இச்சாயா, போகலாம். இதை வாங்கினா இதைத் துடைச்சுக்கிட்டு நாம ரெண்டு பேரும் முற்றத்துல உக்காந்திருக்க வேண்டியதுதான். அதுக்கா வண்டி?"

நோன்பு பாதி ஆயிற்று. ஜின்சியின் வயிறு இறங்கிவிட்டதாக மாவடியிலிருந்து தகவல் வந்தது. பெண்ணம்மா தூங்குவதை விட்டாள். பாதித் தூக்கத்தில் அவளுடைய இடது கால் கிளட்ச் மிதித்தது. அவிராச்சனின் முழங்காலில் நீலம் பாரித்தது.

அப்போதுதான் ஈராற்றுப்பேட்டை புரோக்கர் குட்டப்பாயி வந்தான். முற்றத்தில் நின்று வெற்றிலையைத் துப்பிவிட்டு, மெதுவாய்ச் சொன்னான்: "சேச்சி, ஒரு வண்டி வந்திருக்கு. வெளியில சொல்லல. டாக்டர் வண்டி."

டாக்டர் வண்டி என்றால் எங்கள் பக்கத்தில் பாதி விலை பேசி முடித்தாயிற்று என்று வைத்துக்கொள்ளலாம். டாக்டர் வேகமாக ஓட்டமாட்டார், கேரேஜில் நிறுத்துவார், நேரத்துக்கு எண்ணெய் மாற்றுவார், ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் தவிர வேறெங்கும் போகமாட்டார் என்று ஒரு நம்பிக்கை.

"எந்த டாக்டர்?" என்றார் அவிராச்சன்.

"கிழக்கேல் டாக்டர்."

பெண்ணம்மா கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே போட்டாள். கிழக்கேல் டாக்டர்! பாலா ஆஸ்பத்திரியில் இந்த மலைப் பெண்கள் பாதிப் பேருக்குப் பிரசவம் பார்த்த மனுஷர். பெண்ணம்மாவின் இரண்டு பிள்ளைகளையும் வெளியே எடுத்தது அவர்தான். "குளிப்பாட்ட நல்ல ஆள் வேணும்னா பெண்ணம்மாவைக் கூப்பிடுங்க" என்று எத்தனையோ வீடுகளுக்கு அவர்தான் சொல்லியனுப்பினார். ஓய்வு பெற்று எறணாகுளத்தில் மகள் வீட்டுக்குப் போய், அங்கேயே கர்த்தருக்குள் தூங்கிவிட்டார். பெண்ணம்மா நைட்டியின் மேல் போட்டிருந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"டாக்டரே எனக்குன்னு விட்டுட்டுப் போன மாதிரியில்ல இருக்கு" என்றாள்.

குட்டப்பாயி மடியில் கையை விட்டான். இன்னொரு வெற்றிலையை மடித்தான்.

அவன் தோட்டத்து ஓரத்தில் வண்டி நின்றது. வெள்ளி நிறம், ஐந்து கதவு, ஆள் கை நீட்டினால் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தொடுகிற மாதிரி ஒரு குட்டி. அண்டா அளவெடுத்து வைத்ததுபோல் பின் சீட்டில் போய் உட்கார்ந்தது. அவிராச்சன் சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டினார். பானெட்டில் காது வைக்கவில்லை. பெல்ட்டை இழுக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "டாக்டர் வண்டிதானே. எடுத்துக்கலாம்" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை முதல் தடவையாக வந்தது. அச்சாரம் கொடுத்தார்கள். பேப்பர் மாறி வர நாலைந்து நாள் ஆகும், அதுவரைக்கும் வண்டியை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று குட்டப்பாயி அதை முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போனான்.

மறுநாள் மத்தியானம் மரவள்ளிக் கப்பையும் பச்சைமிளகாய்ச் சம்மந்தித் துவையலும் தின்றுகொண்டிருக்கும்போது அவிராச்சனின் கை பாதி வழியில் நின்றுவிட்டது.

"எடீ பெண்ணம்மா."

"என்ன, நெஞ்சு வலிக்குதா?"

"டாக்டர் என் பஸ்ஸுல தானே வருவாரு?"

"எந்த டாக்டர்?"

"கிழக்கேல் டாக்டர். முன் சீட்டு அவருக்குத்தான். திங்கள், வியாழன். மலையில கிளினிக் இருந்ததே! ஒவ்வொரு வளைவுக்கும் கண்ணை மூடிக்கிட்டுச் சிலுவை போடுவாரு. 'அவிராச்சா, நான் செத்தாலும் இந்த ஸ்டீயரிங்கைத் தொடமாட்டேன்'னு சொன்ன மனுஷர். அவருக்கு ஏதுடீ வண்டி?"

பெண்ணம்மா தட்டைக் கீழே வைத்தாள். "வயசான காலத்துல வாங்கியிருப்பாரு."

"கண்ணை மூடிக்கிட்டு ஓட்டவா?"

அவள் போன் எடுத்தாள். குட்டப்பாயி அங்கிருந்து கத்தினது கப்பைத் தட்டு வரைக்கும் கேட்டது.

"கிழக்கேல்தான் சேச்சி! கைனகரி கிழக்கேல்! டாக்டர்தான்! நான் என்ன பொய்யா சொன்னேன்? நீங்கதான் கண்ணைத் துடைச்சீங்க. அழற ஆளை நான் நடுவுல நிறுத்த முடியுமா?"

இதில் குட்டப்பாயியைக் குறை சொல்லவும் முடியாது. எந்த ஊரிலும் ஒரு கிழக்கு உண்டு. கிழக்கே ஒரு வீடு உண்டு. அந்த வீட்டுக்குக் கிழக்கேல் என்றுதான் பெயர் இருக்கும். ஆனால் எங்கள் ஆட்களுக்கு வீட்டுப்பெயர் காதில் விழுந்தால் போதும், எஞ்ஜினைத் திறந்து பார்க்கத் தோன்றாது.

அவிராச்சன் கைகழுவாமலேயே தலையில் கை வைத்துக்கொண்டார். "கைனகரியா! குட்டநாடு! கடலுக்கும் கீழே கிடக்கிற ஊரு. வெள்ளத்துல வீட்டோட ஓடே தெரியலையாம். வண்டி தப்பிச்சிருக்குமா? முங்கின வண்டிடீ இது!"

ஓடிப்போய் சீட் பெல்ட்டை இழுத்தார். கடைசிச் சாண் வரை சுத்தம். அது அவரை இன்னும் பயமுறுத்தியது. "மாத்தியிருக்கான். கள்ளன், புது பெல்ட் போட்டிருக்கான்." ஸ்டெப்னிக் குழியில் விரலை விட்டு முகர்ந்தார். முகத்தைச் சுளித்தார். "என்னமோ வாசனை வருது. சேறு இல்லை. என்னன்னு தெரியல." பெண்ணம்மாவும் முகர்ந்தாள். அவளுக்கும் தெரியவில்லை.

"திருப்பிக் கொடுத்துடலாம்" என்றார் அவிராச்சன். "அச்சாரம் போனா போகுது."

"திருப்பிக் கொடுத்துட்டு? இன்னும் எத்தனை வண்டிக்குக் காது வைப்பீங்க? அதுக்குள்ள ஜின்சியோட பிள்ளை நடக்க ஆரம்பிச்சுடும்." அவள் வண்டியைச் சுற்றி மூன்று தடவை நடந்தாள். "நான் கைனகரிக்குப் போறேன். வண்டியைப் பார்த்தாச்சு. வளர்த்த வீட்டைப் பார்க்கல."

மறுநாள் முதல் பஸ்ஸில் ஆலப்புழைக்குப் போய், அங்கிருந்து படகு ஏறினாள். படகிலும் உட்காரவில்லை. "சேச்சி, நீங்க நின்னா படகு சீக்கிரம் போகாது" என்று படகுக்காரன் சொல்லிப் பார்த்தான். கைனகரியில் இறங்கி, வரப்பில் நடந்து கேட்டபோது ஒரு பெண் சிரித்தாள்.

"தாறா டாக்டர் வீடா? நேரா போங்க. சத்தம் கேக்கும்."

சத்தம் கேட்டது. தண்ணீர் முழுக்கத் தாறா. ஊர்க்காரர்கள் வாத்தை அப்படித்தான் சொல்வார்கள். கரையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு தாறாவின் வாயைப் பிளந்து மருந்து ஊற்றிக்கொண்டிருந்தவர்தான் கிழக்கேல் டாக்டர். மிருக டாக்டர். சாக்கோ என்று பெயர். பெண்ணம்மா தான் யாரென்றும் வந்த காரியம் என்னவென்றும் ஒரே மூச்சில் சொன்னாள்.

"வெள்ளத்துல முங்கினதான்னு கேக்கத்தானே வந்தீங்க?" என்றார் அவர், தாறாவை விட்டுவிட்டு. "உட்காருங்க."

"நிக்கிறேன் சாறே."

"என் வீடு முங்குச்சு. கட்டில் போச்சு, அலமாரி போச்சு. பெண்ணுக்கு வெச்சிருந்த தையல் மெஷின் போச்சு. வண்டி மட்டும் முங்கல. தண்ணி ஏற ஆரம்பிச்ச சாயங்காலமே எல்லாரும் வண்டியைக் கொண்டுபோய்ப் பெரிய பாலத்து மேல வரிசையா நிறுத்திட்டோம். இங்க எப்பவும் அப்படித்தான். இந்த ஊர்ல மேடுன்னு இருக்கிறது அந்தப் பாலம் ஒண்ணுதானே."

பெண்ணம்மாவுக்கு மூச்சு வந்தது. ஆனாலும் விடவில்லை. "அப்போ அந்த வாசனை என்ன?"

டாக்டர் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். உள்ளேயிருந்து அவர் மனைவி அதற்குள் பதில் சொல்லிவிட்டாள்.

"சொல்லுங்க! தாறாக் குஞ்சுன்னு சொல்லுங்க! பெண்டாட்டியைப் பள்ளிக்கூட வராந்தாவுல படுக்க வெச்சிட்டு, குஞ்சுகளைக் கார் சீட்டுல படுக்க வெச்ச மனுஷன்!"

"எடீ, அதுங்க சின்னது. குளிர் தாங்காது."

"எனக்குத் தாங்குமா?"

"தண்ணி வடியிற வரைக்கும் பின் சீட்டுல கூடையோட வெச்சிருந்தேன்" என்றார் டாக்டர், பெண்ணம்மாவிடம். "சீட்டு மாத்திட்டேன். பெல்ட்டையெல்லாம் கொத்தி வெச்சிருந்துச்சுங்க, அதையும் மாத்திட்டேன். ஆனா குஞ்சு வாசனை முழுசா போகாது. மழைக்காலத்துல கொஞ்சம் வரும்."

பெண்ணம்மா சிரித்தாள். நோன்பு தொடங்கியதிலிருந்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"எஞ்ஜின்ல ஒண்ணுமில்லை. எண்ணெய் நான் என் கையாலேயே மாத்துவேன். எனக்குக் கண்ணுல புரை. அதான் விக்கிறேன்." பிறகு கேட்டார், "வண்டியை எங்க ஓட்டப் போறீங்க?"

"தீக்கோயிக்கு மேலே. மாவடிக் குன்று."

டாக்டரின் முகம் மாறியது. மருந்துப் பாட்டிலை மூடி வைத்தார். "அப்போ உண்மையைச் சொல்லணும். அந்த வண்டி பிறந்ததுலேருந்து மலை பார்த்ததில்லை. அது ஏறின மேடு அந்தப் பாலம் ஒண்ணுதான். அதுல ஏறும்போதே கொஞ்சம் மூச்சு வாங்கும். குன்றுல எப்படின்னு எனக்குத் தெரியாது மோளே. ஏறும்னு சொல்லமாட்டேன். ஏறாதுன்னும் சொல்லமாட்டேன்."

திரும்பி வரும்போது படகில் அவள் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் நடந்தாள். முங்கின வண்டியாக இருந்திருந்தால் முடிவு சுலபம். இது முங்காத வண்டி. ஆனால் குன்று தெரியாத வண்டி.

அவிராச்சன் எல்லாம் கேட்டுவிட்டுப் பானெட்டைத் தடவினார். பிறகு சொன்னார்: "மலை பார்க்காத வண்டி. மலையில ஓட்டாத பொம்பளை. பொருத்தம் நல்லாத்தான் இருக்கு."

"அப்போ இன்னிக்கே ஏத்திப் பார்ப்போம்."

"எங்க?"

"மாவடிக்கு. அண்டாவுல தண்ணி நிறைச்சு, இலைக்கட்டு வெச்சு, உங்களையும் உக்கார வெச்சு. ஏறினா நம்ம வண்டி. ஏறலைன்னா குட்டப்பாயி வண்டி."

"நான் ஓட்டறேன்."

"உங்க கை ஸ்டீயரிங்ல பட்டா, உங்க நெஞ்சைத் திறந்த பெரிய டாக்டர்கிட்ட போன் பண்ணிச் சொல்லுவேன். வாயும் திறக்கக்கூடாது. வளைவுல சிலுவை வேணா போட்டுக்கங்க."

புறப்பட்டார்கள். தீக்கோயி வரைக்கும் ரோடு நல்ல ரோடு. வண்டி சுகமாகப் போனது. ரப்பர் தோட்டம் கடந்து குன்று தொடங்கியதும் எஞ்ஜின் குரல் மாறியது. முதல் வளைவு ஏறியது. இரண்டாவது வளைவும் ஏறியது. மூன்றாவது வளைவு என்பது ரோடு தன் முதுகு மேலேயே ஏறித் திரும்புகிற இடம்; அந்த இடத்தில் பஸ்ஸே ஒரு தடவை நின்று யோசித்துவிட்டுத்தான் திரும்பும். அங்கே வண்டி ஒரு துள்ளுத் துள்ளி நின்றுவிட்டது. நின்றது மட்டுமில்லை, பின்னால் உருள ஆரம்பித்தது. அண்டாத் தண்ணீர் தளும்பி அவிராச்சனின் கழுத்தில் கொட்டியது. பெண்ணம்மா ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்தாள். வண்டி நின்றது. கீழே ரப்பர் மரங்களின் தலைகள் தெரிந்தன.

அவிராச்சன் சொன்னபடியே வாயைத் திறக்கவில்லை. ஒரு கை கதவுப் பிடியில், மற்றொரு கை நெஞ்சில். பெண்ணம்மா திரும்பி அவரைப் பார்த்தாள்.

அப்போது அவளுக்குப் புரிந்தது. இருமலும் இல்லை, இடது பக்கம் இழுப்பும் இல்லை. எந்த வண்டியாக இருந்தாலும் இந்த வளைவில் அவள் ஒருத்தியாக ஏறுவதை அவர் மனக்கண்ணில் பார்த்துக்கொண்டேதான் இத்தனை பானெட்டுகளில் காதை வைத்திருக்கிறார்.

"இச்சாயா."

"ம்."

"சொல்லுங்க. என்ன பண்ணணும்?"

அவர் தொண்டையைச் செருமினார். "நீ பேசக்கூடாதுன்னியே."

"இப்போ பேசலாம்."

"ஃபர்ஸ்ட் கியர். பிரேக்கை விடாதே. கிளட்சைக் கொஞ்சமா விடு... இன்னும்... வண்டியோட மூக்கு லேசா தூக்கும் பாரு, அப்போ. அவசரப்படாதே எடீ! உன் வாழ்க்கையில ஒரு தடவையாவது அவசரப்படாம இரு!"

வண்டி மூக்கைத் தூக்கியது. பெண்ணம்மா ஹேண்ட் பிரேக்கை விட்டாள். கிளட்ச் கருகுகிற வாசனை வந்தது. கூடவே, எங்கிருந்தோ, தாறாக் குஞ்சு வாசனையும். வண்டி நகர்ந்தது. ஊர்ந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு, வயசான ஆள் படி ஏறுகிற மாதிரி, வளைவைத் திரும்பி மேலே ஏறிவிட்டது. அதற்கப்புறம் இருந்த வளைவுகளை அவிராச்சன் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கொடுத்தார். இது பலாமரத்து வளைவு, கியரை மாத்தாதே. இது குருசடி வளைவு, ஹாரன் அடி. இது அந்தோனி விழுந்த வளைவு, பயப்படாதே, அவன் குடிச்சிருந்தான்.

அன்று சாயங்காலம் குட்டப்பாயிக்கு மீதியைக் கொடுத்து முடித்தார்கள். மிருக டாக்டர் என்று முதலிலேயே சொல்லாததற்காகப் பெண்ணம்மா விலையில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டாள். "கண்ணீருக்குக் கூலி" என்றாள்.

ஈஸ்டர் கழிந்து ஜின்சி ஒரு பெண்பிள்ளையைப் பெற்று வீட்டுக்கு வந்தாள். குறித்த நாளில், பனி இன்னும் விலகாத நேரத்தில், பெண்ணம்மாவின் வண்டி மாவடிக் குன்றேறி ரோசிலி டீச்சரின் கேட்டுக்கு முன்னால் போய் நின்றது. முதல் நாளாயிற்றே என்று அவிராச்சனும் கூட வந்திருந்தார். அவள் எப்போதும் ஓடி ஓடியே பழகியவள், வண்டி எவ்வளவு சீக்கிரம் கொண்டு சேர்க்கும் என்று கணக்கே போடவில்லை. வீட்டில் விளக்குகூட எரியவில்லை. கேட் பூட்டியிருந்தது.

"இனி என்ன பண்றது?" என்றாள்.

"உக்காந்திரு" என்றார் அவிராச்சன். "அதுக்குத்தானே சீட்டு."

உட்கார்ந்து பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்தாள். வைப்பரைப் போட்டு நிறுத்தினாள். இறங்கி வண்டியைச் சுற்றி நடந்தாள். ஏறினாள். மறுபடி இறங்கினாள். ஏசித் துளையிலிருந்து மஞ்சளாய் ஒரு குட்டி இறகு பறந்து வந்து அவிராச்சனின் மீசையில் ஒட்டியது. அதை எடுத்து ஊதினாள்.

கடைசியில் ஒரு விளக்கு எரிந்தது. ரோசிலி டீச்சர் தலைமுடியை முடிந்துகொண்டே ஓடிவந்து கேட்டைத் திறந்தார்.

"ஈசோயே! இவ்வளவு சீக்கிரமாவா! நான் இன்னும் அடுப்பே மூட்டல சேச்சி!" பிறகு வண்டியைப் பார்த்தார். பின்கதவைத் தடவினார். எங்கள் பக்கத்தில் எல்லாரும் முதலில் கேட்கிற கேள்வியை அவரும் கேட்டார். "நல்ல வண்டி. முன்னே யாரோடது இது?"

"கிழக்கேல் டாக்டரோடது" என்றாள் பெண்ணம்மா, அண்டாவை இறக்கிக்கொண்டே.

டீச்சர் நெஞ்சில் கை வைத்தார். "நம்ம டாக்டரா! என் ஜின்சியை வெளியே எடுத்த கை! இன்னிக்கு அவ பிள்ளையைக் குளிப்பாட்ட அவரோட வண்டியே வந்து நிக்குது பாருங்க!" முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவிராச்சன் வாயைத் திறந்தார். பெண்ணம்மா அவர் காலை மிதித்தாள், கிளட்ச் மிதிக்கிற அந்தக் காலால்.

"தண்ணி வையுங்க டீச்சரே" என்றாள். "எனக்கு இன்னொரு வீடு இருக்கு."